வேகம் தண்டவாளத்தில் இருக்கிறது: அதிவேக ரயில், ஓர் எளிய அறிமுகம்

“வந்தே பாரத் ரயிலையே இன்னும் கொஞ்சம் விரட்டி ஓட்டினால் அது புல்லட் ரயில் ஆகிவிடாதா?” அதிவேக ரயில் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் எல்லாம் இந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். மிக நல்ல கேள்வி. இதற்கு ஒழுங்காக விடை தேடிப் போனால், மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 508 கி.மீ. தூரத்துக்கு ஏன் புதிதாக ஒரு தடம் தூண்கள்மீது எழுகிறது, அதற்குத் தொடக்க மதிப்பீட்டிலேயே ஏன் சுமார் 1.08 லட்சம் கோடி ரூபாய் ஆயிற்று, 2017 செப்டம்பர் 14 அன்று அடிக்கல் நாட்டிய ஒரு திட்டம் ஏன் இத்தனை ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது என்பவை ஒவ்வொன்றாகப் புரியத் தொடங்கும்.

வந்தே பாரத் ரயில் மணிக்கு 180 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டது, இயக்கத்தில் அதற்கு அனுமதிக்கப்படும் உச்ச வேகம் 160 கி.மீ. ஆனால் 2022 நவம்பரில் தொடங்கிய சென்னை–மைசூரு வந்தே பாரத், சுமார் 500 கி.மீ. தூரத்தைக் கடக்க ஆறரை மணி நேரம் அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. சராசரி போட்டுப் பார்த்தால் மணிக்கு 80 கி.மீ.கூட வராது. வண்டிக்கு வலு இருக்கிறது, ஓடத்தான் வழியில்லை. வளைவு வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பெரிய ஜங்ஷனுக்குள் நுழையும்போது தடம் பிரியும் இடங்களில் ஊர்ந்து செல்ல வேண்டும். முன்னே ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தால் அது லூப் லைனில் ஒதுங்கும்வரை பின்னாலேயே போக வேண்டும். லெவல் கிராஸிங் இருக்கும் இடங்களில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். ஒரு ரயில் எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பதை எஞ்சினைவிட அதிகமாகத் தீர்மானிப்பது அதன் அடியில் இருக்கும் பாதைதான். சர்வதேச ரயில்வே ஒன்றியம் அதிவேக ரயிலை வரையறுக்கும்போது பாதையைத்தான் முதலில் பார்க்கிறது: புதிதாக அமைக்கப்படும் தடமாக இருந்தால் மணிக்கு 250 கி.மீ. அல்லது அதற்கு மேல். ஏற்கெனவே உள்ள தடத்தை மேம்படுத்தியதாக இருந்தால் சுமார் 200 கி.மீ.

வளைவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் மற்றப் பல சிக்கல்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. பேருந்து ஒரு திருப்பத்தில் வேகமாகத் திரும்பும்போது நாம் ஒரு பக்கமாகச் சாய்க்கப்படுகிறோம் அல்லவா? அந்த விசை, வேகம் இரட்டித்தால் இரண்டு மடங்காகக் கூடுவதில்லை. நான்கு மடங்காகக் கூடுகிறது. வெளிப்பக்கத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி இதை ஓரளவுக்குச் சமாளிக்கலாம், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் வளைவையே பெரிதாக்க வேண்டும். அதாவது, 160 கி.மீ. வேகத்துக்குப் போதுமான வளைவின் ஆரத்தைப்போல நான்கு மடங்கு ஆரம் 320 கி.மீ. வேகத்துக்குத் தேவைப்படும். ஜப்பானின் முதல் ஷின்கான்சென், அதாவது புல்லட் ரயில், தடமான டோக்கைடோவில் வளைவுகளின் ஆரம் 2,500 மீட்டர் என்ற அளவில் அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகப் பின்னர் கட்டப்பட்ட சான்யோ தடத்தில் அதை 4,000 மீட்டராக உயர்த்தினார்கள். ஒரே வகை ரயில் சான்யோவில் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, டோக்கைடோவுக்குள் நுழைந்ததும் 285 கி.மீ.க்கு மேல் போவதில்லை. 1960களில் தரையில் வரைந்த ஒரு கோடு இன்றைய ரயிலின் வேகத்தை இன்னமும் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறது.

அடுத்து, நிறுத்துவது. மணிக்கு 320 கி.மீ. என்றால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 89 மீட்டர். அந்த வேகத்தில் ஓடும் ரயிலை நிறுத்த நான்கு முதல் ஆறு கிலோமீட்டர் வரை தேவைப்படலாம். பாதையோரத்தில் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்து ஓட்டுநர் பிரேக் போடுவது என்ற முறை இங்கே செல்லாது. விளக்கு கண்ணில் படும்போதே காலம் கடந்திருக்கும். எனவே எவ்வளவு வேகத்தில் போகலாம் என்ற தகவல் ஓட்டுநரின் முன்னுள்ள திரைக்கே வந்து சேரும். அவர் மீறினால் அமைப்பு தானாகவே வேகத்தைக் குறைக்கும். தடத்தின் குறுக்கே மனிதரோ மாடோ வண்டியோ வரக்கூடாது என்பதால் லெவல் கிராஸிங் ஒன்றுகூட இருக்க முடியாது. நிலநடுக்கத்தின் முதல் அதிர்வை உணர்ந்த உடனே மின்சாரத்தைத் துண்டித்து ரயில்களை நிறுத்தும் கருவிகளும் வேண்டும். 1964 முதல் இன்றுவரை ஷின்கான்சென் ரயில்களில் மோதியோ தடம் புரண்டோ ஒரு பயணிகூட உயிரிழந்ததில்லை என்றால், பாதையை இவ்வாறு முழுவதுமாக அடைத்துத் தனிமைப்படுத்தியது அதற்கு மிக முக்கியமான காரணம்.

காற்றும் சும்மா விடுவதில்லை. ரயில் சுரங்கத்துக்குள் அதிவேகத்தில் நுழையும்போது, பிஸ்டன்போல முன்னால் உள்ள காற்றை அழுத்திக்கொண்டே போகிறது. அந்த அழுத்தம் மறுமுனையில் வெடிச் சத்தமாக வெளிப்பட்டுப் பக்கத்தில் வசிப்பவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. சுரங்கங்கள் நிறைந்த சான்யோ தடத்தில் ஓடுவதற்காக உருவான 500 வரிசை ரயிலை வடிவமைத்தவர்களில் ஒருவரான எய்ஜி நகாட்சு, பறவைகளைக் கவனிக்கும் பழக்கம் உள்ளவர். நீரைத் தெறிக்க விடாமல் பாய்ந்து மூழ்கும் மீன்கொத்தியின் அலகைப் பார்த்து ரயிலின் மூக்கை நீண்டு கூர்ந்ததாக அமைத்தார்கள். 1997இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலின் அழகை வியக்கும் பலருக்கு, அந்த வடிவம் சுரங்கத்தின் தேவையால் பிறந்தது என்பது தெரிவதில்லை.

இவ்வளவும் வசதி படைத்த நாடுகளின் விளையாட்டு என்று தோன்றக்கூடும். அப்படித் தோன்றுபவர்களுக்கு ஜப்பானின் தொடக்கக் கதையைச் சொல்ல வேண்டும். 1950களில் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையேயான பழைய பாதை பயணிகளாலும் சரக்குகளாலும் நிரம்பி வழிந்தது. அது 1,067 மி.மீ. அகலமுள்ள குறுகிய பாதை. அதையே விரிவாக்குவதா, புதிதாக ஒன்று போடுவதா என்ற விவாதத்தில், ஜப்பானிய தேசிய ரயில்வேயின் தலைவர் ஷின்ஜி சோகோவும் தலைமைப் பொறியாளர் ஹிடியோ ஷிமாவும் 1,435 மி.மீ. அகலத்தில் முற்றிலும் புதிய தடம் என்பதில் உறுதியாக நின்றார்கள். அன்றைய ஜப்பான் உலக வங்கியிடம் கடன் வாங்கிக்கொண்டிருந்த நாடு. இந்தத் தடத்துக்கும் 1961இல் 8 கோடி டாலர் கடன் பெற்றது. செலவு முதல் மதிப்பீட்டைப்போல ஏறக்குறைய இரு மடங்கு ஆனது. அதற்குப் பொறுப்பேற்று 1963இல் இருவரும் பதவி விலகினார்கள். 1964 அக்டோபர் 1 அன்று, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஒன்பது நாள் முன்னதாக, மணிக்கு 210 கி.மீ. வேகத்தில் முதல் ரயில் புறப்பட்டது. அதை உருவாக்கிய அந்த இருவரும் தொடக்க விழாவில் இல்லை. அதிவேக ரயிலில் செலவு ஏறுவதும் காலம் நீள்வதும் நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த குறை என்று நினைப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. அதே சமயம், ஏறிய செலவுக்கு அங்கே உயர் பொறுப்பில் இருந்தவர்கள் பதில் சொன்னார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மும்பை–அகமதாபாத் திட்டம் அந்த ஜப்பானியத் தொழில்நுட்பத்தையே எடுத்துக்கொண்டது. மொத்தச் செலவில் 81 விழுக்காட்டை, அதாவது சுமார் 88,000 கோடி ரூபாயை, ஜப்பானிய அரசின் ஜைக்கா நிறுவனம் கடனாகத் தருவது என்பது ஒப்பந்தம்: வட்டி 0.1 விழுக்காடு, தவணைக் காலம் 50 ஆண்டுகள், முதல் 15 ஆண்டுகளுக்கு அசலைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. கேட்பதற்கு இனாம்போல இருக்கும். ஆனால் கடன் யென்னில் இருக்கிறது, வருமானமோ ரூபாயில் வரப்போகிறது. ஐம்பது ஆண்டுகளில் இரண்டு நாணயங்களுக்கும் இடையிலான மாற்று விகிதம் எப்படி நகரும் என்பதே அந்தக் கடனின் உண்மையான விலையைத் தீர்மானிக்கும். திட்டத்தை நடத்துவதற்காக 2016இல் தேசிய அதிவேக ரயில் கழகம் தொடங்கப்பட்டது. மத்திய அரசும் குஜராத், மகாராஷ்டிர அரசுகளும் அதன் பங்குதாரர்கள்.

இங்கே எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகவும் விவாதத்துக்கு உரியது பாதையின் அகலம். இந்திய ரயில்வேயின் அகலப்பாதை 1,676 மி.மீ.; புல்லட் ரயிலின் தடம் 1,435 மி.மீ. ஒரு தடத்து வண்டி மற்றதில் ஏற முடியாது. சென்னைவாசிகளுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். மீட்டர்கேஜ் இருந்த காலத்தில் எழும்பூரில் நிற்கும் ரயிலுக்கும் சென்ட்ரலில் நிற்கும் ரயிலுக்கும் ஒட்டும் உறவும் இல்லை. ஒன்றிலிருந்து இறங்கி மூட்டை முடிச்சுகளுடன் மற்றொன்றுக்குப் போக வேண்டும். பிரான்சில் 1981இல் பாரீஸ்–லியோன் தடம் திறக்கப்பட்டபோது, பழைய பாதையும் புதிய பாதையும் ஒரே அகலமாக இருந்ததால், டி.ஜி.வி. எனப்படும் பிரெஞ்சு அதிவேக ரயில் அதிவேகத் தடத்தின் முடிவில் நின்றுவிடாமல் சாதாரணத் தடத்தில் இறங்கி மற்ற ஊர்களுக்கும் போயிற்று. தடம் போடாத ஊர்க்காரருக்கும் அதனால் பயண நேரம் குறைந்தது. இந்தியாவில் அந்த வாய்ப்பு இல்லை. பல ஆண்டுகளாக ஓடித் தேறிய ஓர் அமைப்பை ரயில், தடம், சிக்னல் என்று ஒரே தொகுப்பாகப் பெறும்போது சோதித்துப் பார்க்காத பகுதி எதுவும் இருக்காது என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம், நியாயமான காரணம்தான். ஆயினும், நாள்தோறும் சுமார் 2 கோடிப் பேரைச் சுமக்கும் ஒரு பெரிய ரயில் வலையின் நடுவில் புதிய தடம் ஒரு தீவாகவே இருக்கும் என்பது நாம் அறிந்தே கொடுத்த விலை.

தீவாக இருந்தாலும், அதைக் கட்டும் விதம் பார்க்க வேண்டிய ஒன்று. தடத்தின் பெரும்பகுதி தூண்களின்மேல் போகிறது. இரண்டு தூண்களுக்கு நடுவே வைக்கப்படும் 40 மீட்டர் நீளக் கான்கிரீட் பெட்டி உத்திரத்தின் எடை 970 டன். அதை வழியோரத்துத் தளத்தில் ஒரே துண்டாக வார்த்து, ராட்சதத் தூக்கியால் எடுத்து, ஏற்கெனவே பொருத்தி முடித்த உத்திரங்களின் மேலேயே பல சக்கர ஊர்தியில் ஏற்றிக் கொண்டுபோய், முன்னே கால்பரப்பி நிற்கும் மற்றோர் இயந்திரம் அதை வாங்கி அடுத்த இரு தூண்களின் மேல் இறக்குகிறது. பாலம் தன் முதுகின்மீதே தன்னைச் சுமந்து முன்னேறுகிறது என்று சொல்லலாம். துண்டு துண்டாக இணைக்கும் வழக்கமான முறையைவிட இது பல மடங்கு விரைவானது. அதன் மேல் வருவதும் நாம் பழகிய ஜல்லித் தடம் இல்லை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு டன் எடையுள்ள கான்கிரீட் பலகைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டு, அடியில் சிமெண்டும் தாரும் கலந்த கலவை ஊற்றப்பட்டு, அவற்றின்மேல் தண்டவாளம் பொருத்தப்படுகிறது. மும்பை முனையில் பாந்த்ரா–குர்லா வளாகத்திலிருந்து ஷில்பாட்டா வரை 21 கி.மீ. சுரங்கம், அதில் 7 கி.மீ. தானே நகரை ஒட்டிய கடற்கழிக்கு அடியில் செல்கிறது. பூநாரைகள் வந்து தங்கும் கழி அது.

நிலம் எடுப்பது இவற்றைவிடக் கடினமாக இருந்தது. குஜராத்தில் 348 கி.மீ., மகாராஷ்டிரத்தில் 156 கி.மீ., நடுவே தாத்ரா நகர் ஹவேலியில் சுமார் 4 கி.மீ. என்று நீளும் இந்தத் தடம், பால்கர் மாவட்டத்தின் சப்போட்டாத் தோட்டங்களுக்கும் மாந்தோப்புகளுக்கும் பழங்குடி மக்களின் கிராமங்களுக்கும் ஊடாகப் போகிறது. சாலை போடும்போது, “அந்த ஆலமரத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கமாக வளைத்துப் போடுங்கள்” என்று ஊர்க்காரர்கள் கேட்டால் சில வேளைகளில் கேட்டபடி நடக்கும். அதிவேகத் தடத்தை அப்படி வளைக்க முடியாது. மேலே சொன்ன வளைவின் ஆரம் அதை அனுமதிப்பதில்லை. முப்பது ஆண்டுகளாகக் காய்த்துக்கொண்டிருக்கும் ஒரு தோட்டத்தின் நட்டநடுவே கோடு விழுந்தால், விவசாயி கொடுப்பது நிலத்தை மட்டுமன்று, ஒரு தலைமுறையின் உழைப்பையும்தான். தூண்களின்மேல் போவதால் தேவைப்படும் நிலத்தின் அகலம் குறைகிறது, அடியில் மக்களும் கால்நடைகளும் நீரோட்டமும் கடந்துபோகலாம் என்பவை உண்மையே. ஆனாலும் எதிர்ப்புகள், வழக்குகள், மாநில ஆட்சி மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து, முழு நிலமும் கைக்கு வர 2024 ஜனவரி ஆகிவிட்டது. மும்பைப் பகுதியில் சுமார் 20,000 அலையாத்தி மரங்களை வெட்டுவதற்கு மும்பை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில்தான் அனுமதி அளித்தது. பாதிக்கப்படுவோருடன் முதலிலேயே அமர்ந்து பேசி, இழப்பீட்டை வெளிப்படையாகத் தீர்மானித்திருந்தால் சில ஆண்டுகளாவது மிஞ்சியிருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

பெரிய வளரும் நாடு ஒன்று இதை விரைவாகச் செய்ய முடியாதா என்று கேட்டால், சீனாவைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். 2008 ஆகஸ்டில் பெய்ஜிங்–தியான்ஜின் தடம் மணிக்கு 350 கி.மீ. வேகத்தில் திறக்கப்பட்டது, 2024 முடிவில் அந்நாட்டின் அதிவேகத் தடங்கள் 48,000 கி.மீ. அளவை எட்டிவிட்டன. தொடக்கத்தில் ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ், கனடா நிறுவனங்களிடமிருந்து ரயில்களைத் தொழில்நுட்பத்தோடு வாங்கி, உள்நாட்டுத் தொழிற்சாலைகளில் செய்து பழகி, பிறகு சொந்த வடிவமைப்புக்கு மாறினார்கள். பாலத்தின் உத்திரம் முதல் சிக்னல் வரை ஒரே வகை வடிவமைப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் அவர்களுடைய கட்டுமானச் செலவு மற்ற நாடுகளின் செலவில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கே ஆயிற்று என்று உலக வங்கியின் 2019ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. அந்த வேகத்துக்கும் ஒரு விலை இருந்தது. 2011 ஜூலை 23 அன்று வென்ஜோ அருகே இரண்டு ரயில்கள் மோதி 40 பேர் இறந்தார்கள். சிக்னல் அமைப்பிலும் மேலாண்மையிலும் இருந்த கோளாறுகள் வெளிவந்தன. உச்ச வேகம் 300 கி.மீ.க்குக் குறைக்கப்பட்டு, மீண்டும் 350ஐ எட்ட 2017 ஆயிற்று.

சீனாவின் உதவியோடு இந்தோனேசியா கட்டிய ஜகார்த்தா–பாண்டுங் தடம் வேறொரு பாடத்தைத் தருகிறது. 2023 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்த 142 கி.மீ. தடத்தில், முன்பு மூன்று மணி நேரம் பிடித்த பயணம் முக்கால் மணி நேரமாகக் குறைந்தது. ஆனால் நிலையங்கள் நகரின் மையத்தில் இல்லை. பாண்டுங் நகருக்குள் போக வேண்டியவர் பாடலாராங்கில் இறங்கி இணைப்பு ரயில் பிடிக்க வேண்டும். ரயிலில் மிச்சமாகும் நேரத்தில் ஒரு பங்கை நிலையத்திலிருந்து வீடு போகும் வழி திருப்பி வாங்கிவிடுகிறது. மும்பை–அகமதாபாத் தடத்தில் குறைந்த நிறுத்தங்களோடு ஓடும் ரயில் சுமார் 2 மணி 7 நிமிடத்தில் போய்ச் சேரும் என்கிறார்கள். பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, நகருக்கு வெளியே உள்ள விமான நிலையம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தால் 500 கி.மீ. தூரத்தில் ரயில் விமானத்தை வெல்லும். ஆனால் பன்னிரண்டு நிலையங்களிலும் இறங்கி வெளியே வருபவருக்குப் பேருந்தும் மெட்ரோவும் கையெட்டும் தொலைவில் இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும்.

யாருக்காக இந்த ரயில் என்ற கேள்வியையும் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. கிலோமீட்டருக்கு 200 கோடி ரூபாய்க்கும் மேல் செலவாகும் ஒரு தடத்தைக் காட்டிலும், முன்பதிவில்லாப் பெட்டியில் கழிப்பறை வாசலில் நின்றுகொண்டே ஊர் போகும் தொழிலாளிக்குக் கூடுதலாக இரண்டு பெட்டிகள் முக்கியம் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய ஈ. ஸ்ரீதரனே, நாட்டுக்கு முதலில் தேவை நவீனமான, தூய்மையான, பாதுகாப்பான, விரைவான ரயில் அமைப்பு என்ற கருத்தை 2018இல் வெளிப்படையாகச் சொன்னார். மறுபக்கத்தில், விரைவு ரயில்கள் தனித் தடத்துக்குப் போகும்போது பழைய தடத்தில் இடம் ஒழிகிறது. அந்த இடத்தில் சாதாரண ரயில்களையும் சரக்கு ரயில்களையும் கூடுதலாக விடலாம். ஜப்பானில் ஷின்கான்சென் பிறந்ததே இதற்காகத்தான். அப்படி ஒழியும் இடம் உண்மையில் அந்தத் தொழிலாளியின் பெட்டிக்குக் கிடைக்கிறதா என்பதைத்தான் தடம் திறந்த பிறகு கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சூரத்தை ஒட்டிய பகுதியில் 2027 ஆகஸ்டில் முதல் ஓட்டம் என்று ரயில்வே அமைச்சகம் அறிவித்துள்ளது. இதற்கிடையில் சென்னை பெரம்பூரில் உள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, அதாவது ஐ.சி.எஃப்., 2024 அக்டோபரில் பொதுத்துறை நிறுவனமான பெமலுக்கு ஒரு வேலையை ஒப்படைத்தது: மணிக்கு 280 கி.மீ. வேகத்துக்கு வடிவமைத்து, தலா எட்டுப் பெட்டிகள் கொண்ட இரண்டு அதிவேக ரயில்களை இந்தியாவிலேயே செய்து தர வேண்டும். 1955இல் சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் உதவியோடு பெட்டி கட்டக் கற்றுக்கொண்டு, பின்னாளில் வந்தே பாரத் வரை வந்த தொழிற்சாலை அது. ஒப்பந்தத்தின் மதிப்பு 866.87 கோடி ரூபாய். பெட்டி ஒன்றுக்கு 27.86 கோடி. பதினாறு பெட்டிகளுக்கும் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 446 கோடிதான் வருகிறது. மீதமுள்ள 420 கோடி சொச்சம், வடிவமைப்புக்கும் அச்சுகளுக்கும் கருவிகளுக்கும் சோதனை வசதிகளுக்கும் ஒரே ஒரு முறை ஆகும் செலவு. அடுத்த ரயிலைக் கட்டும்போது அந்தத் தொகை மறுபடியும் தேவைப்படாது.